கைத்தாழ் ரைபிளா, தானேற்றி ரைபிளா?

நண்பர்களுக்கு வணக்கம்.

.22 ரைபிள் (குழலின் உள்விட்டம் சுமார் 0.22 அங்குலம்) வாங்க நினைக்கும் ஒருவருக்காகத் தமிழில் எழுதும்போது ‘போல்ட் ஆக்‌ஷன்’, ‘செமி ஆட்டோமேட்டிக்’ இரண்டுக்கும் என்ன சொல் போடுவது என்ற இந்த இழையில், இரண்டாவதற்கு ‘அரைத் தானியங்கி’ என்ற சொல்லுக்கு ஆதரவு கூடிக்கொண்டே போகிறது. முடிவாவதற்கு முன் என் மறுப்பைப் பதிந்துவிடுகிறேன். மாற்றுச் சொல்லும் சொல்கிறேன்.

‘அரை’ என்றால் எதில் பாதி? தானியங்கித் துப்பாக்கி என்றாலே படபடவென்று விடாமல் சுடும் துப்பாக்கிதான் வாசகர் மனத்தில் வருகிறது. அதற்கு முன்னால் ‘அரை’ சேர்த்தால், கொஞ்சம் மெதுவாகப் படபடக்கும் துப்பாக்கி என்றுதான் புரிந்துகொள்வார். விஷயம் அதுவல்ல. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரே குண்டு. அடுத்த குண்டுக்கு விரலைத் தளர்த்தி மறுபடி இழுக்க வேண்டும். அந்த அளவில் செமி ஆட்டோமேட்டிக்குக்கும் போல்ட் ஆக்‌ஷனுக்கும் வேறுபாடே கிடையாது. ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் நடுவில், காலித் தோட்டாவை வெளியே எடுத்துப் புதுத் தோட்டாவை உள்ளே தள்ளுவது யார்? சுடுபவரின் கையா, துப்பாக்கியேவா? நம் சொல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கையால் என்றால் ‘கைத்தாழ்’ என்பது என் முன்மொழிவு. வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள்: குமிழைத் தூக்கு, பின்னால் இழு, முன்னால் தள்ளு, கீழே மடக்கு. போல்ட் ஆக்‌ஷனில் கை செய்வது அச்சு அசலாக இதேதான். ‘தாழியக்கம்’ என்று ஒரு நண்பர் சொன்னது நெருங்கி வருகிறது. ஆனால் தாழ்வான இயக்கம் என்றும் அது காதில் விழும். ‘கை’ முன்னால் வந்தால் அந்தக் குழப்பம் போய்விடும்.

துப்பாக்கியே செய்தால் ‘தானேற்றி’. மின்னேற்றி என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் இதன் அமைப்பு யாருக்கும் அந்நியமாக இருக்காது. ராணுவத்திலோ போலீசிலோ இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், ‘எஸ்எல்ஆர்’ என்று சொல்வார்கள். அதன் விரிவு செல்ஃப் லோடிங் ரைபிள், அதாவது தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைபிள். ஜெர்மன்காரர்களும் இவ்வகைக்கு ‘தானே ஏற்றுவது’ என்ற பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை சுட்டுக்கொண்டே இருப்பதற்குத் ‘தொடர்சுடு துப்பாக்கி’ என்று வைத்துக்கொண்டால், ‘தானியங்கி’யை இந்தத் துறையில் பயன்படுத்தவே தேவையிருக்காது.

சரி, சொற்களை வேலைக்கு விட்டுப் பார்ப்போம். .22 ரைபிள்களில் கைத்தாழுக்குச் செக் நாட்டு சிஇசட் 457, தானேற்றிக்கு அமெரிக்க ரூகர் 10/22 என்று எடுத்துக்கொள்கிறேன். ரூகர் 1964-இல் வந்தது, இன்றும் அமெரிக்காவில் .22 என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். இரண்டும் சுடுவது 1887 முதல் இருக்கும் .22 லாங் ரைபிள் தோட்டாவைத்தான். குண்டின் எடை வழக்கமாக 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம்.

ரூகரில் தாழ் பூட்டப்படுவதில்லை. அதன் எடையும் பின்னாலிருக்கும் சுருள்வில்லும் மட்டுமே அதை மூடி வைத்திருக்கின்றன. சுட்டதும் வெடிவாயுவின் அழுத்தம் காலித் தோட்டாவைப் பின்னுக்குத் தள்ளுகிறது; தோட்டா தாழைத் தள்ளுகிறது. காலித் தோட்டா வெளியே தெறிக்க, சுருள்வில் தாழை மறுபடி முன்னால் அனுப்ப, வழியில் அடுத்த தோட்டா உள்ளே போகிறது. இதனால்தான் தானேற்றி தோட்டா விஷயத்தில் கறார் காட்டும். ஒலியை விட மெதுவாகப் போகும், சத்தம் குறைந்த தோட்டாக்களில் சிலவற்றுக்குத் தாழை முழுதாகப் பின்னுக்குத் தள்ளும் வலு இருக்காது, பாதியில் சிக்கிக்கொள்ளும். .22 தோட்டா அழுக்கும் அதிகம் விடும், வாயுவில் ஒரு பங்கு பின்பக்கமே திரும்பி வரும். ஆகவே அடிக்கடி துடைக்க வேண்டும்.

சிஇசட் ரைபிளில் இந்தத் தொல்லை இல்லை. தாழ் பூட்டியே இருக்கும், கை திறந்தால்தான் திறக்கும். மெதுவான தோட்டா, வேகமான தோட்டா எதைப் போட்டாலும் அதற்கு ஒன்றுதான். தாழ் முன்னும் பின்னும் அடித்துக்கொள்ளும் ஓசையும் இல்லை. தோட்டத்தில் முயல் சுடும் விவசாயிக்கு இந்த அமைதி பெரிய விஷயம்.

புதிதாகக் கற்பவர் கைத்தாழையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. துல்லியம் இரண்டாவது காரணம்தான். நல்ல குழல் போட்ட தானேற்றியும் 50 மீட்டரில் அருமையாகச் சுடும். முதல் காரணம் பாதுகாப்பு. தானேற்றியில் ஒரு குண்டு போன கணத்திலேயே அடுத்தது உள்ளே ஏறித் தயாராக நிற்கிறது. கற்பவர் ‘சுட்டாச்சு’ என்று நினைத்துத் திரும்பும்போதும் துப்பாக்கி சுடத் தயாராகவே இருக்கிறது. கைத்தாழில் அவரே தாழைத் திறந்து மூடினால்தான் அடுத்த குண்டு. தாழ் திறந்து கிடந்தால், பக்கத்தில் நிற்கும் பயிற்சியாளருக்கும் தூரத்திலிருந்தே தெரியும். கையில் வலுக்குறைவு உள்ளவர்கள், ஓடும் முயலை விரட்டிச் சுடுபவர்கள் ஆகியோருக்குத் தானேற்றி வசதி என்பதை மறுக்கவில்லை.

வேகத்துக்குத் தானேற்றிதான் என்றும் எழுதிவிட வேண்டாம். பயத்லான் போட்டியில் பனியில் சறுக்கி வந்து 50 மீட்டரில் ஐந்து இலக்குகளைச் சில நொடிகளில் வீழ்த்துகிறார்கள். அங்கே தானேற்றிக்கு அனுமதியே இல்லை. பலர் கையில் இருப்பது ஜெர்மனியின் ஆன்ஷுட்ஸ் ரைபிள். அதன் தாழைத் தூக்கி மடக்க வேண்டாம், விரலால் நேரே பின்னால் இழுத்துக் கட்டைவிரலால் தள்ளினால் போதும். ‘நேரிழு கைத்தாழ்’ என்று அதைச் சொல்லலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய வீரர் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் மூன்றுநிலைப் போட்டியிலோ, ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போடும் ரைபிள் மட்டும்தான். அந்த இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்.

இந்தச் சொற்கள் தவறினால் சட்டமே தவறிவிடும் என்பதால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். 1996-இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு ஆஸ்திரேலியா கொண்டுவந்த தேசிய ஒப்பந்தத்தின்படி கைத்தாழ் .22 ‘ஏ’ பிரிவு, தானேற்றி .22 ‘சி’ பிரிவு. ‘சி’ பிரிவு உரிமம் விவசாயிகள் போன்ற சிலருக்கு மட்டுமே, அதிலும் பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளக்கூடாது. அங்கே வாழும் தமிழருக்கு இதை விளக்கும்போது ‘அரைத் தானியங்கி’ என்று எழுதினால், அவர் பக்கத்து வீட்டுக்காரரின் ரூகரை அதில் சேர்ப்பாரா என்பது சந்தேகம். பிரிட்டனில் 1988 சட்டம் தானேற்றி ரைபிள்களைத் தடை செய்தது, ஆனால் ‘ரிம்ஃபயர்’ .22-க்கு விலக்களித்தது. நியூசிலாந்தும் 2019-இல் பத்துத் தோட்டா வரை கொள்ளும் அதே வகைக்கு விலக்களித்தது.

ஆக அந்த ‘ரிம்ஃபயர்’ என்பதற்கும் சொல் வேண்டும். தோட்டாவின் அடிவிளிம்புக்குள் பற்றுமருந்து இருக்கிறது, ஊசி விளிம்பில் அடிக்கிறது. எனவே ‘விளிம்படித் தோட்டா’. மற்ற வகையான ‘சென்டர்ஃபயர்’ நடுவில் அடிபடுவது, ‘நடுவடித் தோட்டா’. மையவடி என்றாலும் எனக்குச் சம்மதம்.

தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினுக்கு இலங்கையில் எல்லோரும் சொல்லும் ‘ரவைக்கூடு’ இருக்கும்போது நாம் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. அப்படியே எடுத்துக்கொள்வோம். அப்புறம், விசைக்கும் சுருள்வில்லுக்கும் அங்கே வேறு சொற்கள் புழங்கினால் இலங்கை நண்பர்கள் இந்த இழையிலேயே எழுதுங்கள், பட்டியலை மூடுவதற்கு முன் சேர்த்துவிடலாம்.