ரட்சிப்பு ஒருதரம் கிடைச்சா போகுமா போகாதா: கடலூர், பாண்டி பக்கம் உள்ளவங்க நேர்ல பார்த்ததை எழுதுங்க

கெடிலக்கரை:

கிறிஸ்துவை நம்பி பாவ மன்னிப்பும் பரலோகமும் கிடைக்கறதைத்தான் ரட்சிப்புங்கறோம், கிடைச்சவன் அதை மறுபடி இழக்க முடியுமாங்கிறதுதான் கேள்வி. இந்த விஷயத்துல பைபிள் வசனம் போட்டு சண்டை போடறவங்க ஏற்கனவே நிறைய பேர் இருக்காங்க, எனக்கு அது வேணாம். உங்க வீட்லயோ சபையிலயோ ஆஸ்பத்திரியிலயோ யாராவது உங்க முகத்தைப் பார்த்து இந்த கேள்வியை கேட்டிருந்தா அதை எழுதுங்க. முதல்ல நான் சொல்றேன்.

சொந்தக்காரர் ஒருத்தருக்கு துணையா ஜிப்மர்ல தங்கியிருந்தேன். பக்கத்து பெட்ல பண்ருட்டி பக்கத்துப் பெரியவர், பலாப்பழ மண்டியில கணக்கு எழுதினவராம், தொண்டையில கட்டி, பேசினா காத்துதான் வரும். நான் பைபிள் படிக்கிறதைப் பார்த்துட்டு கையை ஆட்டி கூப்பிட்டாரு. வயசுல ஞானஸ்நானம் எடுத்து சண்டே ஸ்கூல்ல பாடம் எடுத்த ஆளு, பையன் செத்ததுக்கப்புறம் எந்த ஜெபமும் வேணாம்னு பைபிளை பரண்ல தூக்கிப் போட்டுட்டு வருஷக்கணக்கா சபை பக்கமே போகல, நோவு வந்தப்புறம்தான் மறுபடி ஜெபம் பண்ண ஆரம்பிச்சிருக்காரு. அப்ப பார்க்க வந்த ஒரு ஊழியக்காரர் பைபிள்ல எபிரெயர் நிருபம் 6-ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டி, பரம ஈவை (கடவுள் குடுத்த வரத்தை) ருசி பார்த்துட்டு மறுதலிச்சவங்களை புதுப்பிக்க முடியாதுன்னு போட்டிருக்கு பாருங்கன்னு சொல்லிட்டு போயிட்டாராம். பெரியவர் அந்த பக்கத்தை திறந்து என்கிட்ட நீட்டினாரு. "கூடாதகாரியம்"ங்கிற இடத்துல பால்பாயிண்ட் பேனாவால கோடு மேல கோடு போட்டு பேப்பரே கிழிஞ்சிருந்துச்சு. "தம்பி, இது எனக்கு எழுதினதா?"

நான் பாஸ்டர் இல்ல, ஆனா அந்த நேரத்துல சும்மா இருக்க முடியல. அந்த நிருபம் துன்பம் தாங்காம கிறிஸ்துவை விட்டுடலாமான்னு யோசிச்சிட்டிருந்த சபைக்கு எழுதினது, போகாதீங்கன்னு கையைப் பிடிச்சு இழுக்கிற பேச்சு அது, திரும்பி வந்து அழறவங்களை வாசல்லயே நிறுத்தறதுக்கு எழுதினது இல்லைன்னு சொன்னேன். அதே அதிகாரம் 9-ஆம் வசனத்துல, நாங்க இப்படி பேசினாலும் உங்ககிட்ட ரட்சிப்புக்குரிய காரியங்கள் இருக்குன்னு நம்பறோம்னு வருதே, அதை அந்த ஊழியக்காரர் படிச்சுக் காட்டலையான்னு கேட்டேன். தலையை ஆட்டினாரு, காட்டலையாம். இயேசுவோட சீஷன் பேதுரு அவரைத் தெரியாதுன்னு மூணு தரம், அதுவும் சபிச்சு சத்தியம் பண்ணி மறுதலிச்சவரு, அது நடக்கறதுக்கு முன்னாடியே உன் விசுவாசம் ஒழிஞ்சு போகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கிட்டேன்னு இயேசு சொல்லி வச்சிருக்காரு (லூக்கா 22:32). அப்புறம் யோவான் 6:37, என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை. அதை ரெண்டு மூணு தரம் படிக்கச் சொன்னாரு. அவரு வீட்டம்மா மருந்து சீட்டைக் குடுத்து பின்னாடி பெருசா அந்த நம்பரை எழுதிக் குடுப்பான்னு கேட்டு வாங்கிக்கிட்டாங்க.

நான் பொறந்தது ஆற்காடு லுத்தரன் சபை, நம்ம கடலூர்தான் அதுக்கு தலைமையிடம். விசுவாசி விழவே மாட்டான்னு எங்க சபை சொல்லல. லுத்தரன் சபைங்களோட விசுவாச அறிக்கை, 1530-ல எழுதின ஆக்ஸ்பர்க் அறிக்கை, அதோட 12-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்க, ஒருதரம் நீதிமானாக்கப்பட்டவங்க (கடவுள் மன்னிச்சு ஏத்துக்கிட்டவங்க) பரிசுத்த ஆவியை இழக்கவே முடியாதுன்னு சொல்றவங்களையும் மறுக்குது, விழுந்தவன் மனந்திரும்பி வந்தாலும் மன்னிப்பு குடுக்க மாட்டோம்னு நின்ன நொவேஷியன் கூட்டத்தையும் அதே இடத்துலயே மறுக்குது. நொவேஷியன் யாருன்னா, 250-ல ரோம ராயன் தேசியு எல்லாரும் ரோம தெய்வங்களுக்கு பலி போடணும்னு கட்டளை போட்டப்ப உயிருக்கு பயந்து போட்டுட்டவங்க ஆயிரக்கணக்குல இருந்தாங்க, அவங்களை திரும்ப சேர்க்கக் கூடாதுன்னு ரோமாபுரியில தனிக் கூட்டம் சேர்த்தவரு. கார்த்தேஜ்ல சிப்ரியான் பேராயர் அவங்க மனந்திரும்புதலை சோதிச்சுப் பார்த்து சேர்த்துக்கணும்னாரு. பெரும்பான்மை சபை அந்தப் பக்கம்தான் போச்சு. அந்தப் பெரியவர்கிட்ட வந்த ஊழியக்காரர் எந்தப் பக்கம் நின்னாருன்னு நீங்களே பாத்துக்கங்க.

திருப்பாபுலியூர் பொண்ணு:

அண்ணா நீங்க எழுதினதைப் படிச்சுட்டு அழுதுட்டேன். நாங்க ரொம்ப கண்டிப்பான பெந்தெகொஸ்தே சபை, நகை கிடையாது டிவி கிடையாது, சனிக்கிழமை உபவாச ஜெபம். எங்களுக்கு ரட்சிப்புங்கிறது காலைல இருந்தா சாயங்காலம் இருக்குமான்னு தெரியாத ஒண்ணு. அஞ்சாவது படிக்கறப்ப ஸ்கூல் விட்டு வந்தேன், வீடு திறந்து கிடக்கு, அம்மா செருப்பு வாசல்ல இருக்கு, அடுப்புல கஞ்சி சூடா இருக்கு, ஆள் யாரும் இல்ல. ரகசிய வருகை (இயேசு திடீர்னு வந்து விசுவாசிகளை மட்டும் பரலோகத்துக்கு எடுத்துக்கறது) நடந்துடுச்சு, எல்லாரையும் எடுத்துக்கிட்டு என்னை விட்டுட்டாங்கன்னே நினைச்சேன், ஏன்னா அன்னைக்கு மதியானம் ஒரு பிள்ளையோட பென்சிலை எடுத்து வச்சிருந்தேன். பாஸ்டர் அம்மா இருக்காங்களான்னு பார்க்க அவங்க வீட்டுக்கு வெறுங்காலோட ஓடினேன், அவங்க கொடியில துணி காயப் போட்டுட்டு இருந்தாங்க, அவங்க காலைக் கட்டிக்கிட்டேன். அம்மா மாடி வீட்ல ஊறுகாய் போடப் போயிருந்தாங்களாம்.

இதை சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க, எங்க சபைப் பிள்ளைங்க நிறைய பேருக்கு இப்படி ஒரு கதை இருக்கும். எனக்கு சிரிப்பு வராது. காலேஜ் படிக்கறப்ப கூட ராத்திரி எழுந்து அம்மா மூச்சு விடறாங்களான்னு பார்ப்பேன், அவங்க இருந்தா நானும் விட்டுப் போகலன்னு அர்த்தம். இப்ப நான் சண்டே ஸ்கூல் எடுக்கறேன். பாவத்துல துணிஞ்சு நிக்காதீங்கங்கிற எச்சரிப்பை மறைக்கறது இல்ல, அது பைபிள்ல இருக்கு. ஆனா பென்சில் எடுத்த பிள்ளைக்கு திருப்பிக் குடுத்துட்டு மன்னிப்பு கேளுன்னு சொல்வேன், உன் பேரை ஜீவபுஸ்தகத்துல (ரட்சிக்கப்பட்டவங்க பேர் எழுதின பரலோகப் புத்தகத்துல) அடிச்சுட்டாங்கன்னு சொல்ல மாட்டேன். அந்த அதிகாரம் எனக்கு யாரும் குடுக்கல.

வில்லியனூர்:

நாங்க ஆர்.சி. (கத்தோலிக்கர்). எங்க பக்கம் இந்தக் கேள்வியை இப்படி யாரும் கேட்க மாட்டாங்க. கடலூர் பஸ்ல ஒரு சிஸ்டர் கைப்பிரதி குடுத்துட்டு, இன்னைக்கு நைட் செத்தா எங்க போவீங்க, கரெக்டா சொல்லுங்கன்னாங்க. கடவுள் இரக்கத்தை நம்பறேன்னு சொன்னேன், அப்படின்னா நீங்க இன்னும் ரட்சிக்கப்படலன்னாங்க. தவளக்குப்பம் வர்ற வரைக்கும் பேசினோம், நல்ல மனசுள்ள பொண்ணுதான், இறங்கறப்ப எனக்காக ஜெபம் பண்ணிட்டுத்தான் போனாங்க.

எங்க போதனைப்படி சாவான பாவத்தால (தெரிஞ்சே பண்ற கனமான பாவத்தால) தேவ இஷ்டப்பிரசாதம், அதாவது கடவுளோட அருள், போகும், பாவசங்கீர்த்தனத்தால (ஃபாதர்கிட்ட பாவத்தை சொல்லி மன்னிப்பு வாங்கறதால) திரும்பக் கிடைக்கும். கத்தோலிக்க ஆயர்கள் கூடின திரிதெந்தின் சங்கம் 1547-ல இதைத் தெளிவா சொல்லியிருக்கு, பாவம் பண்ணினா விசுவாசமும் சேர்ந்து போயிடணும்னு இல்லன்னும் சொல்லியிருக்கு. எங்க அப்பா மில்லுல வேலை செஞ்சவரு, கோவில் விஷயத்துல ஒரு மனக்கசப்புல பல வருஷம் நன்மை (பூசையில குடுக்கற நற்கருணை அப்பம்) வாங்கல, ஆனா மாதா கோவில் குளத்துக்கிட்ட போய் மெழுகுவத்தி ஏத்திட்டு வர்றதை மட்டும் விடல. ஒரு பெரிய வாரத்துல (ஈஸ்டருக்கு முந்தின வாரம்) திடீர்னு பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில நின்னாரு. அவரு முறை வர்றப்பல்லாம் பின்னாடி இருக்கறவரை, நீங்க போங்க நீங்க போங்கன்னு முன்னாடி விட்டுட்டே இருந்தாரு, கடைசியில ஆள் யாரும் இல்ல, ஃபாதரே எழுந்து வெளியே வந்து தோள்ல கை போட்டு உள்ள கூட்டிட்டுப் போனாரு. இழந்துட முடியும்னு சொல்ற சபைதான் எங்களுது. அங்க அப்பாவுக்கு நடந்தது இதுதான்.

செம்மண்டலம்:

நான் சகோதர சபை, ஒருதரம் கிறிஸ்துவை நம்பி மறுபிறப்படைஞ்சவன் கெட்டுப்போக மாட்டான்னு உறுதியா நம்பறவன். "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை", யோவான் 10:28, என் பிடியைப் பத்தி இல்ல அவரு பிடியைப் பத்தி பேசுது. இதை நம்பினா இஷ்டத்துக்கு வாழலாம்னு அர்த்தம்னு சொல்றவங்க, 1618-19-ல நெதர்லாந்துல சீர்திருத்த சபைங்க கூடின டார்ட் சங்கத்துல எழுதினதைக் கூட படிக்கிறது இல்ல. உண்மையான விசுவாசியும் தாவீது, பேதுரு மாதிரி பயங்கரமா விழலாம், கிருபையோட உணர்வையே கொஞ்ச காலம் இழந்துடலாம், ஆனா தேவன் முழுசா கைவிட மாட்டாரு, மனந்திரும்ப வச்சு தூக்குவாருன்னுதான் அதுல இருக்கு.

ஆனா எனக்கு கஷ்டமான ஒரு விஷயமும் சொல்லணும். என்கூட தெருவுல நின்னு பிரசங்கம் பண்ணின நண்பன் இப்ப கடவுளே இல்லைங்கறான். எங்க பெரியவங்க உடனே 1 யோவான் 2:19-ஐ சொல்லிட்டாங்க, பிரிஞ்சு போனாங்க, ஏன்னா நம்மவங்களா இருக்கல. வசனம் உண்மை, நான் மறுக்கல. ஆனா 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சு ஊரே கரண்ட் இல்லாம கிடந்தப்ப சைக்கிள்ல அரிசி மூட்டை வச்சு தள்ளிக்கிட்டு முறிஞ்ச பலா மரத்தெல்லாம் தாண்டி கிராமம் கிராமமா போனவன் அவன், ஒவ்வொரு வீட்லயும் முட்டி போட்டு ஜெபம் பண்ணினதை நான் பக்கத்துல இருந்து பார்த்தேன். அவன் கதை முடிஞ்சிடல, முடியாத கதைக்கு நான் எப்படி தீர்ப்பு எழுதறது. வாரத்துக்கு ஒருதரம் அவன் கடைக்குப் போய் டீ குடிச்சுட்டு வர்றேன், மதம் பேசறது இல்ல, ஜெபத்தை மட்டும் விடல.

முத்தியால்பேட்டை:

எல்லாரும் பயந்துபோனவங்க பக்கமே எழுதறீங்க, எதிர்ப்பக்கமும் இருக்கு. எங்க ஏரியாவுல சீட்டு புடிச்ச ஒரு விசுவாசி, வீட்டு வேலை செய்யற அக்காங்க, மீன் விக்கறவங்க பணத்தையெல்லாம் சுருட்டிட்டாரு. எங்க சித்தி போய் கேட்டதுக்கு, என் பாவம் சிலுவையிலயே தீர்ந்துடுச்சு சிஸ்டர், என் ரட்சிப்பை யாரும் எடுக்க முடியாதுன்னு அதே யோவான் 10-ஐ சொன்னாராம். சித்தி மகளோட காலேஜ் ஃபீஸ் அது. சத்தியத்தை தெரிஞ்சப்புறமும் வேணும்னே பாவம் பண்ணினா அதுக்கு இனி பலி இல்லைங்கிற எபிரெயர் 10:26-ஐ இந்த ஆளுகிட்ட படிக்காம வேற எதைப் படிக்கறது? கர்த்தாவே கர்த்தாவேன்னு சொல்றவன் எல்லாம் உள்ள போக மாட்டான்னு மத்தேயு 7-ல இயேசுவே சொல்லியிருக்காரே. நடுங்கறவனுக்கு யோவான் 6-ஐயும் துணிஞ்சவனுக்கு எபிரெயரையும் குடுக்காம மாத்திக் குடுக்கறாங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கோவம் வருது.

அவரு சபை பாஸ்டர் நல்ல மனுஷன். உங்க ரட்சிப்பு இருக்கா போச்சான்னு நான் தீர்ப்பு சொல்ல வரல, பணத்தைத் திருப்பிக் குடுக்கிற வரைக்கும் திருவிருந்து (சபையில வாங்கற அப்பமும் ரசமும்) கிடையாது, ஆராதனைக்கு வாங்க, வாசல் திறந்திருக்குன்னு மூப்பர்களை வச்சுக்கிட்டே சொல்லிட்டாரு. ரெண்டு மூணு மாசம் ஆளையே காணோம். அப்புறம் வண்டியை வித்து முதல்ல மீன்காரம்மாக்களுக்குக் குடுத்தாரு, சித்திக்கு பாதி வந்திருக்கு. மீதிக்கு நோட்டுல தேதி போட்டு கையெழுத்து வாங்கி வச்சிருக்காங்க. ஞாயித்துக்கிழமை கடைசி வரிசையில உக்கார்றாரு, திருவிருந்து நேரத்துல எழுந்து வெளியே போயிடறாரு, முடிஞ்சதும் பாஸ்டர் அவரைத் தேடிப் போய் கை குடுத்துட்டுத்தான் மத்தவங்ககிட்ட வர்றாரு.