புதுப்பிப்பு: தன்னைத்தானே அழைத்துக்கொண்ட மெனு

மும்பை மாட்டுங்காவில் எங்கள் குடியிருப்பு நூலகத்துக்காக பைத்தான் என்ற கணினி மொழியில் நான் எழுதிய நிரல், மாலை நெருங்கும்போது திடீரென நின்றுவிடுகிறது என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

‘புத்தகம் வழங்கு’ வேலை முடிந்ததும் அந்த வேலையைச் செய்யும் நிரல் துண்டான செயற்கூறே மெனுவை மறுபடி அழைத்தது. அது மெனுவுக்குத் திரும்புவதல்ல. இன்னும் முடியாத அழைப்புகளின் அடுக்கின் மேல் இன்னோர் அடுக்கை ஏற்றுவது. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் அழைப்புகளுக்குப் பைத்தானில் இயல்பான ஆழ வரம்பு 1000. ஒரு தேர்வுக்கு இரண்டு அழைப்புகள் வீதம், 500 தேர்வுகளுக்குள் நிரல் விழுந்தது. வரம்பை உயர்த்தச் சொன்னவர்களுக்கு நன்றி. ஆனால் அது நோயைத் தள்ளிப்போடுவதே.

இப்போது முதன்மைப் பகுதியில் ஒரே ஒரு ‘வைல்’ சுழல், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதி. மெனுவைக் காட்டுகிறது, தேர்வை வாங்குகிறது, உரிய செயற்கூறை அழைக்கிறது. செயற்கூறு தன் வேலையை முடித்துத் திரும்பினால் போதும். அடுத்து எங்கே போவது என்பது அதன் கவலையல்ல. இந்த ஒரு மாற்றம் எனக்குத் தந்த நிம்மதி பெரிது! உறுப்பினர் துணைமெனுவுக்குத் தனிச் சுழல்; 0 அழுத்தினால் முதன்மை மெனு.

தேர்வை எண்ணாக மாற்றாமல் எழுத்தாகவே ஒப்பிடுகிறேன். நூலகர் அக்கா தவறுதலாக ‘க’ அழுத்தினாலும் மெனு மீண்டும் வருகிறது. நேற்று முழுநாளும் ஓடியது, ஒருமுறைகூட நிற்கவில்லை.