லண்டன் ஜார்ஜிய வீட்டை ஃப்ளாட்டாக்கினால் தலைவலி தரையில்தான்

ஜார்ஜ் மன்னர்கள் காலத்து (18, 19ஆம் நூற்றாண்டு) இந்த வரிசை வீடுகள் ஒரே குடும்பத்துக்காகக் கட்டியவை. பக்கத்து வீட்டோடு சேரும் இடத்தில் தடித்த செங்கல் பொதுச்சுவர். சத்தம் அதிகம் வராது. மாடிக்கு ஒரு ஃப்ளாட் எனப் பிரித்ததும் மரத்தளமே பொதுச்சுவர் ஆகிவிடுகிறது. அதுவோ மரச்சட்டம், மேலே பலகை, கீழே ரீப்பரில் பூசிய சுண்ணாம்பு, அவ்வளவே. இங்கிலாந்து விதிப்படி பிரித்த தளம் பேச்சுச் சத்தத்தை 43 டெசிபலாவது தடுக்க வேண்டும், காலடிச் சத்தம் 64-ஐத் தாண்டக் கூடாது. கீழே தனியாக இன்னொரு சீலிங் தொங்கவிட்டால் சுலபமாகத் தேறும். ஆனால் பழைய சீலிங்கின் பூவேலைப்பாடு மறையும், ஜன்னல் தலை வெட்டுப்படும். பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடங்களின் பட்டியலில் உள்ள வீட்டுக்கு அதற்கு அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு.

ஆகவே மேலிருந்து செய்ய வேண்டும். பலகைகளுக்கு எண் போட்டு, நெம்பி எடுங்கள்; சுத்தியல் வேண்டாம். ரீப்பர் இடுக்கில் பிதுங்கி வளைந்து நிற்கும் சுண்ணாம்புக் கொக்கிகள்தான் கீழ்ப்பூச்சைத் தாங்குகின்றன. அதிர்வில் அவை உடைந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, பிறகு மொத்தமாக விழும். சட்டங்களுக்கு நடுவே 100 மி.மீ. கனிமக் கம்பளி, மேலே மெத்தைத் தாளோடு மிதவைத்தளம், அதாவது சட்டத்தில் ஆணி அடிக்காமல் தாளின்மேல் சும்மா உட்காரும் தளம். தரை எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு கதவின் அடியில் குறையும். படிக்கட்டின் கடைசிப் படி உயரமும் மாறும். இதை முதலிலேயே அளக்காதவர்கள் கடைசியில் கால் தடுக்கி விழுவார்கள்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நியூ டவுன் பக்கம் என்றால் ஒரு எச்சரிக்கை. அங்கே சட்டங்களுக்கு நடுவே சாம்பலும் கப்பியும் கொட்டியிருக்கும். குப்பை என்று அள்ளாதீர்கள். சத்தத்தை அடக்குவதே அந்த எடைதான். கம்பளிக்கு அந்த எடை கிடையாது.

குழாய் போகும் வழியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 200 மி.மீ. உயரச் சட்டத்தில் மேல்விளிம்பை 25 மி.மீ.க்கு மேல் வெட்டக் கூடாது. நடுக்கோட்டில் துளை 50 மி.மீ. வரைதான். கழிவறைக் குழாயோ 110 மி.மீ.; அது சட்டத்தைக் குறுக்கே கடக்க வழியே இல்லை. சட்டங்களுக்கு இணையாகப் போனாலும் 40-க்கு 1 சரிவில் 3 மீட்டருக்கு 75 மி.மீ. இறங்கும். அதனால் குளியலறைகளைப் பின்சுவரை ஒட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். தெருப்பக்கப் பெரிய அறையில் வைக்க ஆசைப்பட்ட வீடுகளில், பலகையைத் தூக்கினால் பாதிவரை அறுத்த சட்டங்கள்தான் கிடைக்கின்றன.