பைன்ஹர்ஸ்ட்டுக்கு கோல்ஃப் பாக்க போனது நான், மரம் பாத்தது அப்பா

நார்த் கரோலினால கேரி பக்கம் இருக்கோம், அங்கருந்து யு.எஸ். 1ல தெக்க போனா ஒன்றரை மணி நேரத்துல பைன்ஹர்ஸ்ட், கோல்ஃபுக்கு பேர் போன ஊர். ஆறு வருஷமா போனதே இல்ல. போன மே மாசம் அப்பா ஊர்லருந்து (சாத்தான்குளம் பக்கம்) வந்திருந்தாங்க, வீட்லயே யூடியூப் பாத்துட்டு இருக்காங்களேன்னு கூட்டிட்டு கிளம்பினேன். உண்மைய சொன்னா எனக்கு அங்க இருக்க நம்பர் 2ங்கிற கோல்ஃப் மைதானத்த (கோர்ஸ) பாக்கணும், அப்பா ஒரு சாக்கு.

டொனால்ட் ராஸ்னு ஒரு கோர்ஸ் டிசைனர் 1907ல முடிச்சது அது. 2024 யு.எஸ். ஓபன் கோல்ஃப் போட்டில டிஷாம்போ கடைசி ஹோல்ல அவ்ளோ தூரத்து பங்கர்லருந்து (மணல் குழி) அடிச்சு மெக்கில்ராய ஒரே ஸ்ட்ரோக் (ஒரு அடி) வித்தியாசத்துல முந்துனாரே, இங்கதான். அதுல விளையாட நம்ம பர்ஸ் தாங்காது, வேடிக்கை மட்டும்தான். பதினெட்டாவது கிரீனுக்கு (குழிய சுத்தி இருக்க மட்டப்புல்லு) பின்னாடி பெய்ன் ஸ்டூவர்ட்ங்கிற கோல்ஃப் வீரரோட சிலை, கைய முறுக்கி ஒரு கால தூக்கிட்டு நிக்குறார். 1999 ஜூன்ல இங்க ஜெயிச்சாரு, அக்டோபர்லயே விமான விபத்துல போயிட்டாரு, 42 வயசுன்னு சொன்னேன். அப்பா ச்சு கொட்டிட்டு, "கிரீனு ஏம்ல தோசக்கல்ல கவுத்தி வச்சாப்ல இருக்கு, பந்து எப்படி நிக்கும்?"னு கேட்டாங்க. ஒரே பார்வைல கோர்ஸோட மொத்த கஷ்டத்தையும் பிடிச்சிட்டாங்க!

அப்புறம் ஓரத்து மண்ணு. 2010-11ல புல்ல பேத்து எடுத்துட்டு பழையபடி மணலும் கோரப்புல்லுமா விட்டிருக்காங்க. அப்பா ஒரு கை அள்ளி, "எல, இது தேரி மண்ணுல்லா, செவப்புதான் இல்ல"ன்னாங்க. தேரின்னா எங்க ஊர் பக்கத்து செம்மணல் மேடு. அதுக்கப்புறம் கோல்ஃப் பேச்சே இல்ல.

பக்கத்து ஊர் சதர்ன் பைன்ஸ்ல வேமத் உட்ஸ்னு ஒரு காடு இருக்கு, டிக்கெட் கிடையாது. எல்லாம் லாங்லீஃப் பைன், ஊசி மாதிரி இருக்க இலையே ஒரு அடி நீளம். அதுல ஒரு மரம் 1548ல முளைச்சதாம். நம்ம மணப்பாட்டுக்கு சவேரியார் வந்தாருல்ல, கிட்டத்தட்ட அந்த காலம். சில பெரிய மரத்துல தூர்கிட்ட பழைய வெட்டு தழும்பு இருந்துச்சு. நான் தீப்பிடிச்சதுன்னு நெனச்சேன், அப்பா தொட்டு பாத்துட்டு "பால் எறக்கியிருக்கானுவ"ன்னாங்க. கரெக்ட்! டர்பன்டைனுக்கு தூர்ல குழி வெட்டி, மேல சீவி சீவி பிசின் எடுத்த தழும்பு. எங்க தாத்தா பனையேறி, அப்பாக்கு தெரியாம இருக்குமா. அங்க நடந்துட்டிருந்த ஒரு வெள்ளைக்கார தாத்தாகிட்ட பாளை சீவுறத கையாலயே நடிச்சு காமிச்சாங்க, பேச்சு முழுக்க தமிழ்தான், அவரும் தலையாட்டி தலையாட்டி கேட்டாரு.

அவருதான் அந்த காட்டுல இருக்க ஒரு வகை மரங்கொத்தி கதைய சொன்னாரு. அது உயிரோட இருக்க பைன்லதான் பொந்து போடுமாம், சுத்தி சின்ன சின்னதா கொத்தி விட்டு பிசின ஒழுக விடுமாம், பாம்பு ஏறாம இருக்க. நான் மொழிபெயர்த்து முடிக்கல, "குருவிக்கு இருக்க புத்திய பாரு"ன்னு என்னைய ஒரு பார்வை.

போறவங்க உண்ணிக்கு ஸ்ப்ரே அடிச்சிட்டு போங்க. ஜீன்ஸு, ஷூன்னு போன எனக்கு கால்ல ரெண்டு, வேட்டிய மடிச்சு கட்டிட்டு நடந்த அப்பாக்கு ஒண்ணு கூட இல்ல.