தனியுரிமைக்கு ஏற்ற திறன்பேசியும் நெட்வொர்க்கும் எவை?

கேள்வி:
என் திறன்பேசிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வருவது நின்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அடுத்து வாங்குவது என் உரையாடலையும் நடமாட்டத்தையும் கூடுமானவரை பிறர் கண்ணில் படாமல் காக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 5ஜி வந்தபின் வேவு பார்ப்பது எளிதாகிவிட்டது, 2ஜி பட்டன் போனே பாதுகாப்பானது என்கிறார்கள் நண்பர்கள். அது சரிதானா? ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டில் எதை வாங்கலாம்?

மறுமொழி 1:
பட்டன் போன் பற்றிய அந்த நம்பிக்கையை முதலில் விட்டுவிடுங்கள். 2ஜியில் சிம் தன்னை யாரென்று செல்போன் கோபுரத்துக்கு மெய்ப்பிக்க வேண்டும். கோபுரமோ தன்னை மெய்ப்பிக்க வேண்டியதே இல்லை. அதனால் யாரேனும் போலிக் கோபுரக் கருவியை அருகில் வைத்து வலுவான சிக்னலைப் பரப்பினால் போன் அதனோடு இணைந்துகொள்ளும். குறியாக்கமின்றி, அதாவது பேச்சைப் பிறருக்குப் புரியாதபடி மாற்றாமல், பேசச் சொன்னால் அதற்கும் இணங்கிவிடும். 3ஜி முதல் இரு தரப்பும் தம்மை மெய்ப்பித்தாக வேண்டும். ஆனாலும் புதிய போனைக்கூட 2ஜிக்கு இறக்கிவிட்டு ஒட்டுக்கேட்க முடியும் என்பதால், 2ஜியை அணைக்கும் வசதி உள்ள போனையே வாங்குங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல், வன்பொருள் இடம் கொடுக்கும் போன்களில், சிம் அமைப்புகளில் அந்தத் தெரிவு உண்டு. ஐபோனில் ஐஓஎஸ் 17 முதல் லாக்டவுன் மோடு என்ற கூடுதல் பாதுகாப்பு அமைப்பு அதைச் செய்கிறது.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. 5ஜியைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். 4ஜியில் கோபுரம் கேட்டால் சிம்மின் நிலையான அடையாள எண் மறைப்பின்றியே காற்றில் போகும். 5ஜியில் அந்த எண்ணை உங்கள் சேவை நிறுவனத்தின் பொதுத் திறவுகோலால் (யாரும் பூட்டலாம், அந்த நிறுவனம் மட்டுமே திறக்க முடியும்) பூட்டி அனுப்ப வழி செய்திருக்கிறார்கள். ஆனால் 4ஜி மையக் கட்டமைப்பின் மேல் ஓடும் 5ஜியில் இந்தக் காப்பு கிடைக்காது; முழுமையான தனி 5ஜியில்தான், அதுவும் நிறுவனம் அதை இயக்கியிருந்தால்தான் கிடைக்கும். திரையில் தெரியும் 5ஜி அடையாளத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க இயலாது.

எந்தத் தலைமுறையானாலும் நீங்கள் எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறீர்கள் என்பது சேவை நிறுவனத்துக்குத் தெரிந்தே தீரும். சிம்மை மாற்றினாலும் போனுக்கே உரிய 15 இலக்க அடையாளமான ஐஎம்இஐ எண் உங்களைக் காட்டிக்கொடுக்கும். இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக மறைத்து அனுப்பும் விபிஎன்கூட இதை மறைக்காது. பேச்சின் உள்ளடக்கத்தையாவது காக்க, சாதாரண அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் பதிலாக பேசுபவர்கள் மட்டுமே படிக்கவும் கேட்கவும் முடியும்படி குறியாக்கம் செய்யும் சிக்னல் (Signal) செயலியைப் பயன்படுத்துங்கள்.

மறுமொழி 3:
போனைத் தேர்ந்தெடுக்க நான் முதலில் பார்ப்பது புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும் என்பதைத்தான். கேமராவெல்லாம் அப்புறம். 2023இல் வந்த பிக்சல் 8க்கு 7 ஆண்டுகள் என்று கூகுள் அறிவித்திருக்கிறது. கூகுள் சேவைகள் இல்லாத, ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட கிராஃபீன்ஓஎஸ் என்ற இயங்குதளத்தையும் அதில் நிறுவலாம், 4ஜி மட்டும் என்ற தெரிவும் அதில் உண்டு. இவ்வளவு மெனக்கெட முடியாதவருக்கு ஐபோனே நல்லது என்பேன்; மற்ற நிறுவனங்களின் செயலிகளில் உங்களைப் பின்தொடரச் செயலிகள் அனுமதி கேட்க வேண்டும் என்ற விதி ஐஓஎஸ் 14.5 முதல் இருக்கிறது. ஆனால் ஆப்பிளுக்கும் தரவு போகும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. சிம் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். என்னுடையது ஆண்ட்ராய்டு 11 என்பதால் 2ஜியை அணைக்கும் தெரிவே இல்லை. பிக்சல் வாங்க முடிவு செய்துவிட்டேன். 2ஜியை அணைத்தபின் அழைப்புகள் வர 4ஜி வழிக் குரல் அழைப்பு வேண்டும் அல்லவா? என் சிம்மில் அது இயங்குகிறதா என்பதை வாங்கும் முன்பே நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்கிறேன்.