பிள்ளைகளோடு சேர்ந்து செய்யக்கூடிய ஊழியம்: ஆலோசனை தேவை

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு வணக்கம். நாங்கள் சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்தில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறோம். மகள் தொடக்கப்பள்ளியிலும் மகன் உயர்நிலைப்பள்ளியிலும் படிக்கிறார்கள். வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளிடம் வேதத்தைப் பேசவேண்டும் என்று உபாகமம் 6ஆம் அதிகாரம் கற்பிப்பதை, இரவுக் குடும்ப ஜெபத்தோடு நிறுத்திவிடாமல், அவர்கள் தம் கைகளால் செய்யும் சேவையாகவும் மாற்ற விரும்புகிறோம்.

எங்கள் தளத்தில் தனியாக வாழும் மலாய் மூதாட்டி ஒருவர், முழங்கால் வலியால் அதிகம் வெளியே வருவதில்லை. எங்கள் சமையல் ஹலால் அல்ல என்பதால், உணவு கொடுத்து அவரைச் சங்கடப்படுத்தாமல், பழங்கள் வாங்கிக் கொடுப்பதும் பலதுறை மருந்தகத்திற்குத் துணையாகச் செல்வதுமே பொருத்தம் என நினைக்கிறோம். மதம் மாற்ற வருகிறோமோ என்ற ஐயம் அவருடைய உறவினர்களுக்கு எழாதபடி இதை எப்படித் தொடங்குவது? பிற சமயத்து அண்டை வீட்டாரோடு இவ்வாறு பழகியவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.

மற்றொன்று, ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவின் தேக்கா பகுதியில் கூடும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்குச் சேவை செய்யும் சபைக் குழுக்களில் சிறு பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்பவை உண்டா? பள்ளியின் இணைப்பாட நடவடிக்கைகளால் களைத்து வரும் மகனைக் கட்டாயப்படுத்த மனமில்லை. ஆனால் கிட்டார் வாசிப்பான், கணிதம் சொல்லிக் கொடுப்பான். கணவருக்குச் சுழல்முறைப் பணி என்பதால், ஞாயிறு ஆராதனை முடிந்த பிற்பகலே எங்கள் நால்வருக்கும் ஒன்றாகக் கிடைக்கும் நேரம். அதற்கு ஏற்ற யோசனைகளைப் பின்னூட்டத்தில் தெரிவியுங்கள்.