சரிவு நிலத்துச் செடிகளுக்கு ஒரு சொல்: தரைமூடி சரியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

செங்குத்தான, நாள் முழுக்க வெயில் விழுகிற, ஈரம் தங்காத சரிவில் என்ன நடலாம் என்று ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்படித் தரையை மூடி வளரும் செடிகளை ஆங்கிலத்தில் 'கிரவுண்ட் கவர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். 'தரைமூடி' என்று எழுதிப் பார்த்தேன், தொட்டிக்கு மூடி போட்ட மாதிரி இருக்கிறது. புழக்கத்தில் இருக்கும் 'மூடாக்கு' என்பதையே எடுத்துக்கொள்ளலாமா?

———

> 'மூடாக்கு' என்பதையே எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் ஐயா. வைக்கோல், சருகு, காய்ந்த தழை இவற்றை மண்மேல் பரப்புவதுதான் மூடாக்கு. உங்கள் கையேட்டில் அதுவும் கட்டாயம் வரும். நட்ட செடிகள் ஒன்றோடொன்று கூடும் வரை இடைவெளியில் மூடாக்குப் போடாவிட்டால் களை முந்திக்கொள்ளும். அப்புறம் 'மூடாக்குக்கு நடுவே மூடாக்கு இடுக' என்றா எழுதுவீர்கள்? 'நிலப்போர்வை' பிளாஸ்டிக் தாளுக்குப் போய்விட்டது. 'மூடுபயிர்' பருவத்துக்கு விதைத்து மடக்கி உழுவது, சரிவிலோ உழவே கூடாது.

சொல்லை விடுங்கள், முதலில் பொருளைப் பார்ப்போம். சமதளத்தில் தரை மறைந்தால் போதும். சரிவில் இரண்டு வேலை. மழைத்துளி நேராக மண்ணை அடித்துத் தெறிக்கவிடாமல் இலை தாங்க வேண்டும், ஓடும் நீர் மேல்மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் வேர் பிடிக்க வேண்டும். முதல் வேலையைச் செய்யும் செடியெல்லாம் இரண்டாவதைச் செய்வதில்லை. நெருஞ்சியையும் மூக்கிரட்டையையும் பாருங்கள். வறட்சியில் இரண்டும் கில்லாடி, நாலாபுறமும் தரையோடு தரையாகப் பரவும். ஆனால் வேர் நடுவில் ஓரிடத்தில்தான். கொடியைத் தூக்கினால் பாய் மாதிரி எழுந்து வந்துவிடும், அடியில் மண் தளர்வாகவே கிடக்கும்.

பொடுதலை அப்படி இல்லை. கணு தொட்ட இடமெல்லாம் வேர் விடும். கடற்கரை மணலில் படரும் அடும்பும், அருகம்புல்லும் அப்படியே. அருகு மண்ணுக்கு மேல் ஓடும் தண்டு, அடியில் ஓடும் கிழங்குத்தண்டு இரண்டாலும் பிடிக்கிறது. வாசகருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்ல ஒரு சொல் வேண்டும், ஆங்கிலச் சொல்லில் அது இல்லை. 'கணுவேரி' என்று வைக்கலாம் என்பது என் யோசனை. கணுவில் வேர் விடுவது கணுவேரி, விளக்கமே தேவைப்படாது.

இந்தச் சொல்லால் இன்னொரு நன்மை. கணுவேரியை வெட்டிப் போட்டால் ஒவ்வொரு துண்டும் பிழைத்துக்கொள்ளும். மஞ்சள் பூப் பூக்கும் சிங்கப்பூர் டெய்சி பல நாடுகளில் அந்நிய ஆக்கிரமிப்புச் செடியாகிப்போனது இந்தக் குணத்தால்தான். சரிவின் அடியில் காய்கறிப் பாத்தி இருந்தால் அருகம்புல்லும் அங்கே இறங்கிவிடும். ஆகவே 'கணுவேரி' என்று எழுதும் இடத்திலேயே அதன் எல்லையையும் எழுதிவிடுங்கள்.

பொதுப்பெயருக்கு 'தரைகவி' என்கிறேன். கவிதல் என்றால் மேலே பரந்து மூடுதல். 'படர்செடி' போதாது. கொழுக்கட்டைப் புல், வெட்டிவேர் போன்றவை படர்வதில்லை, தூர் கட்டி நிற்பவை. சம உயரக் கோட்டில் வெட்டிவேரை நெருக்கி வரிசையாக நட்டால் ஓடும் நீரை மட்டுப்படுத்தி, வண்டலை மேல்பக்கமே தேக்கும். வேர் பக்கவாட்டில் அதிகம் பரவாமல் மூன்று மீட்டருக்கும் கீழே இறங்கும். வரிசைகளுக்கு நடுவே கணுவேரி. என்னைக் கேட்டால், மிகவும் செங்குத்தான இடத்துக்கு இதைவிட நல்ல கூட்டு இல்லை.

———

கணுவேரி அருமை. ஆனால் 'தரைகவி' என்றதும் எனக்குத் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பாட்டெழுதும் ஒருவர்தான் கண்முன் வருகிறார்! மேலும், ஐஸ் பிளான்ட் போன்ற சதைப்பற்றுச் செடிகளை எதில் சேர்ப்பது? அவையும் கணுவில் வேர் விடுகின்றனவே. வெயிலுக்கு அஞ்சாதவை என்று நாற்றங்காலில் முதலில் அவற்றைத்தான் காட்டுகிறார்கள்.

———

கவிஞர் வந்து உட்காருவார் என்று எனக்கும் தெரியும். :-)

ஐஸ் பிளான்ட் கேள்வி நல்ல கேள்வி. கணுவேரி என்ற பெயர் அதற்குப் பொருந்தும், ஆனால் வேர் மேலோடு நின்றுவிடும். இலையும் தண்டும் நீரால் பருத்துக் கனமாக இருக்கும். செங்குத்தான சரிவில் மழை பெய்து மண் ஊறும்போது அந்தப் பாரமே மேல்மண்ணைக் கீழே இழுக்கும். ஆக, கணுவேரி என்பதோடு 'ஆழ்வேர்', 'மேல்வேர்' என்ற அடையையும் சேர்த்துக்கொண்டால் தீர்ந்தது: பருத்த இலை, மேல்வேர்க் கணுவேரி என்றால் மிதமான சரிவுக்கு மட்டும்.

சரிவை எண்ணில் சொல்வதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. 100 விழுக்காட்டுச் சரிவு என்றால் சுவர் மாதிரி நிற்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது 45 பாகைதான். 10 மீட்டர் கிடைத்தூரத்துக்கு 10 மீட்டர் ஏற்றம். பாகை, விழுக்காடு இரண்டையும் அருகருகே கொடுங்கள்.

கவிஞரை வெளியே அனுப்ப இலக்கணமே போதும். தனியாகத் 'தரைகவி' என்று எழுதாமல் எப்போதும் 'தரைகவி செடி' என்றே எழுதலாம். ஊறுகாய் போல வினைத்தொகை, ஆகவே வல்லினம் மிகாது. 'தரைகவிச் செடி' என்று யாராவது ஒற்றுப் போட்டால்தான் அது கவிஞர் வளர்த்த செடி ஆகும். மெய்ப்புப் பார்ப்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அவர்கள் கை சும்மா இராது.